உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை ஹெட்டர்

உள்ளடக்கப் பாதுகாப்புக் கொள்கை, சுருக்கமாக சிஎஸ்பி, ஒரு வலைப்பக்கத்தைப் பற்றி சர்வர் உலாவிக்குச் சொல்லி அனுப்பும் விதித் தொகுப்பு. ஸ்கிரிப்ட், பாணித்தாள், படம், எழுத்துரு ஆகியவற்றை அந்தப் பக்கம் எங்கிருந்தெல்லாம் எடுத்துக்கொள்ளலாம், எந்த ஸ்கிரிப்ட் இயங்கலாம், எந்த முகவரிக்குத் தரவு அனுப்பலாம் என்பவற்றை அது வரையறுக்கிறது. எச்டிடிபி மறுமொழியில் "கன்டென்ட்-செக்யூரிட்டி-பாலிசி" என்ற ஹெட்டராக இது செல்கிறது. விதியை எழுதுவது சர்வர், நிறைவேற்றுவது உலாவி. பார்வைக்கு ஒரே வரிதான். ஆனால் அதைப் பயனுள்ளதாக அமைப்பது சர்வரின் அமைப்புக் கோப்பில் ஒரு வரி சேர்த்ததும் முடிந்துவிடும் வேலை அல்ல. பயன்பாடு தன் பக்கங்களை எப்படி உருவாக்குகிறது என்பதையே அது தொடுகிறது. உலகெங்கும் வைக்கப்பட்ட சிஎஸ்பி ஹெட்டர்களில் மிகப் பெரும்பாலானவை பலனற்றுப் போனதற்குக் காரணம், அது வெறும் அமைப்புக் கோப்பு வேலையாகக் கருதப்பட்டதே.

எதைத் தடுக்க வந்தது

ஒரு பக்கத்தின் எச்டிஎம்எல்லுக்குள் ஸ்கிரிப்ட் இருந்தால் உலாவி அதை இயக்கிவிடும். அதை எழுதியது தளத்தின் நிரலாளரா, கருத்துப் பெட்டியில் எதையோ ஒட்டிவிட்டுப் போன அந்நியரா என்று உலாவிக்குத் தெரியாது. இரண்டுக்கும் ஒரே அதிகாரம்தான்: குக்கியைப் படிக்கலாம், படிவத்தில் தட்டுவதைக் கவனிக்கலாம், பயனர் பெயரில் கோரிக்கை அனுப்பலாம். இந்தத் தாக்குதலுக்கு கிராஸ்-சைட் ஸ்கிரிப்டிங் என்று பெயர். எக்ஸ்எஸ்எஸ் என்று எழுதுவார்கள். கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில் இயங்கிய செர்ட் ஒருங்கிணைப்பு மையம் 2000 பிப்ரவரியிலேயே இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது.

அந்த எச்சரிக்கையின் முழுப் பொருள் 2005 அக்டோபரில் தெரிந்தது. சாமி காம்கர் என்ற இளைஞர் மைஸ்பேஸ் தளத்தில் தன் சுயவிவரப் பக்கத்துக்குள் ஒரு ஸ்கிரிப்டை வைத்தார். பக்கத்தைப் பார்த்த ஒவ்வொருவரின் கணக்கிலிருந்தும் அவருக்கு நட்புக் கோரிக்கை போனது. பார்த்தவரின் சுயவிவரத்திலும் அதே ஸ்கிரிப்ட் ஒட்டிக்கொண்டது. சுமார் 20 மணி நேரத்தில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட கணக்குகளுக்குப் பரவியது. மைஸ்பேஸ் ஸ்கிரிப்ட் குறிகளை வடிகட்டத்தான் செய்தது. பாணி விதிக்குள் பின்னணிப் படத்தின் முகவரி என்ற வேடத்தில் நிரலை நுழைத்து, தடைசெய்யப்பட்ட சொல்லை நடுவில் வரி முறித்து எழுதி, அந்த வடிகட்டியைக் காம்கர் கடந்தார். பயனர் உள்ளீட்டைச் சுத்தம் செய்வது முதல் கடமை, அதில் மாற்றுக் கருத்துக்கு இடமில்லை. ஆயினும் ஆயிரம் இடங்களில் சரியாகச் செய்துவிட்டு ஓரிடத்தில் விட்டாலே போதும், மொத்தமும் போய்விடும். அந்த ஓரிடத்துக்கான இரண்டாவது காவலே சிஎஸ்பி.

தோற்றமும் தரப்படுத்தலும்

பக்கத்துக்குள் இயங்கக்கூடியவற்றுக்கு சர்வரே வரம்பு விதிக்கலாம் என்ற யோசனையை 2004ஆம் ஆண்டு வாக்கில் பாதுகாப்பு ஆய்வாளர் ராபர்ட் ஹேன்சன் முன்வைத்தார். மொசில்லாவைச் சேர்ந்த சிட் ஸ்டாம், பிராண்டன் ஸ்டெர்ன், ஜெர்வேஸ் மார்க்கம் ஆகியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை அதற்கு இன்றைய வடிவம் தந்தது. 2011 மார்ச்சில் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 4 இதை முதலில் ஏற்றது. அதே மாதம் ட்விட்டர் தன் மொபைல் தளத்தில் சோதித்தது. கிட்ஹப் 2013இல் நடைமுறைப்படுத்தியது. தொடக்கத்தில் ஃபயர்ஃபாக்ஸ் ஒரு பெயரிலும் வெப்கிட் வழிவந்த உலாவிகள் வேறொரு பெயரிலும் ஹெட்டரை எதிர்பார்த்தன. முன்னொட்டு இல்லாத பொதுப் பெயரை 2013இல் குரோம் 25, ஃபயர்ஃபாக்ஸ் 23 இரண்டும் ஏற்றன. எக்ஸ் எழுத்தில் தொடங்கும் அந்தப் பழைய பெயர்களை இன்னும் சேர்த்து அனுப்பும் சர்வர்கள் இருக்கின்றன. அவற்றால் இப்போது எந்தப் பயனும் இல்லை, எடுத்துவிடலாம். வலைத் தரங்களை வகுக்கும் டபிள்யூ3சி அமைப்பின் இரண்டாம் நிலைத் தரம் 2016 டிசம்பரில் பரிந்துரையாயிற்று. மூன்றாம் நிலை வரைவாகவே வளர்ந்து வந்தாலும், அதன் முக்கியப் பகுதிகளை உலாவிகள் நடைமுறையில் ஏற்றுவிட்டன.

ஹெட்டரைப் படிக்கும் முறை

ஹெட்டரின் மதிப்பு அரைப்புள்ளியால் பிரிக்கப்பட்ட கட்டளைகளின் வரிசை. ஒவ்வொரு கட்டளையும் ஒருவகை வளத்தைக் குறிக்கும், அதைத் தொடர்ந்து அனுமதிக்கப்பட்ட மூலங்கள் வரும். ஸ்கிரிப்ட்-சோர்ஸ், ஸ்டைல்-சோர்ஸ், இமேஜ்-சோர்ஸ், ஃபான்ட்-சோர்ஸ், ஸ்கிரிப்ட் தொடர்புகொள்ளும் முகவரிகளுக்கான கனெக்ட்-சோர்ஸ், செருகுநிரல் பொருள்களுக்கான ஆப்ஜெக்ட்-சோர்ஸ் என்று அவை நீளும். ஹெட்டரில் இவற்றை ஆங்கில எழுத்தில், இமேஜ், சோர்ஸ் ஆகிய இரண்டையும் மூன்றெழுத்தாகச் சுருக்கி எழுத வேண்டும். தனியாகச் சொல்லாத வகைகளுக்கு டிஃபால்ட்-சோர்ஸ் பொருந்தும்.

இங்கேதான் பலர் இடறுகிறார்கள். டிஃபால்ட்-சோர்ஸ் எல்லாவற்றையும் மூடிவிடாது. பக்கத்தை யார் தங்கள் ஃபிரேமுக்குள் வைக்கலாம் என்று சொல்லும் ஃபிரேம்-ஆன்சஸ்டர்ஸ், படிவம் எங்கே போகலாம் என்று சொல்லும் ஃபார்ம்-ஆக்ஷன், ஒப்பீட்டு முகவரிகளின் அடிப்படையை மாற்றும் குறிக்கான பேஸ்-யூஆர்ஐ ஆகிய மூன்றும் அதன் நிழலில் வருவதில்லை. வெளிப்படையாக எழுதாவிட்டால் அவற்றுக்குக் கட்டுப்பாடே கிடையாது. பக்கத்தை மறைவான ஃபிரேமில் வைத்துப் பயனரை ஏமாற்றிச் சொடுக்க வைக்கும் கிளிக்ஜாக்கிங் தாக்குதலைத் தடுக்க முன்பு எக்ஸ்-ஃபிரேம்-ஆப்ஷன்ஸ் என்ற தனி ஹெட்டர் இருந்தது. இன்று அந்த வேலையை ஃபிரேம்-ஆன்சஸ்டர்ஸ் செய்கிறது.

'செல்ஃப்', 'நன்' போன்ற சிறப்புச் சொற்களுக்கு ஒற்றை மேற்கோள் குறி கட்டாயம். குறியில்லாமல் எழுதினால் செல்ஃப் என்ற பெயருள்ள ஏதோ ஒரு சர்வர் என்று உலாவி எடுத்துக்கொள்ளும், தளத்தின் சொந்த ஸ்கிரிப்ட்கள் நின்றுபோகும். நிரல்மொழியின் சரத்துக்குள் இன்னொரு மேற்கோள் குறியை வைக்க வேண்டியிருப்பதால் இந்தப் பிழை அடிக்கடி நேர்கிறது.

இன்னொரு விதியையும் மனத்தில் இருத்த வேண்டும். ஒரே மறுமொழியில் இரண்டு சிஎஸ்பி ஹெட்டர்கள் வந்தால் பின்னது முன்னதை மாற்றாது. இரண்டும் செயல்படும், இரண்டும் அனுமதித்தால் மட்டுமே வளம் ஏறும். பயன்பாடு ஒன்று அனுப்ப, முன்னால் நிற்கும் என்ஜின்எக்ஸ் சர்வர் மென்பொருள் இன்னொன்றைச் சேர்க்க, "அனுமதித்த பிறகும் ஏன் தடுக்கிறது" என்று குழுக்கள் நாள்கணக்கில் தேடுவது இதனால்தான். கூடுதல் ஹெட்டரால் கொள்கையை இறுக்கலாம், தளர்த்த முடியாது.

பட்டியலும் நான்ஸும்

முதல் தலைமுறைக் கொள்கைகள் எல்லாம் பட்டியல்கள். சொந்தத் தளம், நூலகம் வரும் சிடிஎன் எனும் உள்ளடக்க விநியோக வலையமைப்பு, புள்ளிவிவரக் கருவி, விளம்பரம் என்று ஸ்கிரிப்ட்-சோர்ஸில் முகவரிகளை அடுக்கிக்கொண்டே போவார்கள். பக்கத்துக்குள்ளேயே எழுதிய ஸ்கிரிப்ட் ஓடவில்லை என்றதும் 'அன்சேஃப்-இன்லைன்' சேர்ப்பார்கள். அந்த ஒரு சொல் சேர்ந்ததுமே எக்ஸ்எஸ்எஸ் தடுப்பு போய்விட்டது. தாக்குபவர் நுழைக்கும் ஸ்கிரிப்டும் பக்கத்துக்குள் எழுதிய ஸ்கிரிப்ட்தானே.

அந்தச் சொல் இல்லாத பட்டியல்களும் பெரும்பாலும் தேறவில்லை என்பதைக் கூகுள் ஆய்வாளர்கள் லூகாஸ் வைக்செல்பாம், மிக்கேலே ஸ்பாக்னுவோலோ, செபாஸ்டியன் லெக்கீஸ், ஆர்தர் யான்ச் ஆகியோர் 2016இல் காட்டினார்கள். அந்தச் சொல் உள்ளவற்றையும் சேர்த்து அவர்கள் ஆராய்ந்த 26,011 தனித்த கொள்கைகளில் 94.72 சதவீதத்தை எளிதில் கடந்துவிட முடிந்தது. ஸ்கிரிப்ட்டுக்காக மிகுதியாக அனுமதிக்கப்பட்ட 15 முகவரிகளில் 14இல் தாக்குபவருக்கு உதவும் வழி ஏதாவது இருந்தது. பெரிய சிடிஎன் ஒன்றை அனுமதித்தால் அதிலுள்ள எல்லாக் கோப்புகளையும் அனுமதித்ததாக ஆகும். ஆங்குலர்ஜேஎஸ் நூலகத்தின் பழைய பதிப்பு அங்கே கிடந்தால், தாக்குபவர் அதை ஏற்றிக்கொண்டு எச்டிஎம்எல் பண்புகளின் வழியாகவே நிரலை ஓட்டிவிடுவார். கேட்ட பெயரில் ஒரு செயற்கூற்றை அழைத்து விடை தரும் ஜேசான்பி முகவரிகளும் அப்படியே.

அவர்கள் சொன்ன மாற்று நான்ஸ். பக்கம் கேட்கப்படும் ஒவ்வொரு முறையும் சர்வர் ஒரு புதிய சீரற்ற எண்ணை உருவாக்கி, ஹெட்டரிலும் தான் எழுதிய ஒவ்வொரு ஸ்கிரிப்ட் குறியிலும் அதையே இடுகிறது. இரண்டும் ஒத்துப்போனால்தான் உலாவி இயக்கும். ஊகிக்க முடியாத எண் என்பதால் வெளியார் நுழைத்த ஸ்கிரிப்ட்டில் அது இருக்காது. ஸ்கிரிப்ட் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி போய், பயன்பாடு தெரிந்தே வைத்ததா என்ற கேள்வி வருகிறது. பட்டியலை விட நான்ஸ் மேலானது என்பதற்கு இந்த மாற்றமே காரணம். நான்ஸ் பெற்ற ஸ்கிரிப்ட் தானாக வேறு ஸ்கிரிப்ட்களை ஏற்றும்போது அந்த நம்பிக்கை அவற்றுக்கும் நீள 'ஸ்ட்ரிக்ட்-டைனமிக்' என்ற சொல் உதவுகிறது. அது இருந்தால் முகவரிப் பட்டியலை உலாவி பொருட்படுத்தாது. இன்று பரிந்துரைக்கப்படும் கொள்கையின் எலும்புக்கூடு இவ்வளவுதான்:

ஸ்கிரிப்ட்-சோர்ஸ் 'நான்ஸ்-…' 'ஸ்ட்ரிக்ட்-டைனமிக்'; ஆப்ஜெக்ட்-சோர்ஸ் 'நன்'; பேஸ்-யூஆர்ஐ 'நன்'

கடைசிக் கட்டளையை அலங்காரம் என்று விட்டுவிடக் கூடாது. தாக்குபவர் அடிப்படை முகவரிக் குறியை மட்டும் நுழைத்துவிட்டால், நான்ஸ் பெற்ற நேர்மையான ஸ்கிரிப்ட் குறியின் ஒப்பீட்டு முகவரியே அவருடைய சர்வரைச் சுட்டத் தொடங்கும்.

சர்வர் பயன்பாட்டில் அமைத்தல்

மாறாத கொள்கை என்றால் சர்வர் மென்பொருளிலேயே எழுதிவிடலாம். என்ஜின்எக்ஸில் ஆட்-ஹெட்டர் கட்டளை, அப்பாச்சியில் மாட்-ஹெட்டர்ஸ் தொகுதி. இரண்டிலும் "ஆல்வேஸ்" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் 404, 500 போன்ற பிழைப் பக்கங்களுக்கு ஹெட்டர் போகாது. தேடிய முகவரியை அப்படியே திருப்பிக் காட்டும் பிழைப் பக்கங்கள் எக்ஸ்எஸ்எஸ்-க்கு வாகான இடம் என்பதால் இது சிறிய விடுபடல் அல்ல. என்ஜின்எக்ஸில் மேலும் ஒரு பொறி: உள்ளே உள்ள லொகேஷன் தொகுதி ஒன்றில் தற்காலிகச் சேமிப்புக்காக ஒரே ஒரு ஆட்-ஹெட்டர் எழுதினாலும், மேல்நிலையில் எழுதிய ஆட்-ஹெட்டர்கள் அனைத்தும் இயல்பாக அந்தத் தொகுதிக்கு இல்லாமல் போய்விடும்.

நான்ஸ் வேண்டுமென்றால் ஹெட்டர் பயன்பாட்டின் பொறுப்பாகிவிட வேண்டும். என்ஜின்எக்ஸே ஒரு கோரிக்கை எண்ணை எடுத்து, பக்கம் வெளியேறும்போது எல்லா ஸ்கிரிப்ட் குறிகளிலும் தேடி ஒட்டும் குறுக்குவழி ஒன்று புழக்கத்தில் இருக்கிறது. அது முற்றிலும் தவறு. பயன்பாடு எழுதிய ஸ்கிரிப்ட்டுக்கும் தாக்குபவர் நுழைத்த ஸ்கிரிப்ட்டுக்கும் அது வேறுபாடு பார்க்காமல் நான்ஸ் வழங்கிவிடும். எது தன்னுடையது என்பது வார்ப்புருவை எழுதும் இடத்தில் மட்டுமே தெரியும், அங்கேதான் நான்ஸ் இடப்பட வேண்டும்.

நோட்.ஜேஎஸ்-இன் எக்ஸ்பிரஸ் பயன்பாட்டில் இது கோரிக்கைக்கும் மறுமொழிக்கும் இடையே இயங்கும் இரண்டு மிடில்வேர்களில் முடியும். முதலாவது, கிரிப்டோ தொகுதியிலிருந்து 16 சீரற்ற பைட்டுகளை எடுத்து பேஸ்64 சரமாக்கி, அந்த மறுமொழிக்கே உரிய லோக்கல்ஸ் பொருளில் வைக்கும். 16 பைட் என்றால் 128 பிட். தரம் கேட்கும் குறைந்தபட்ச அளவும் அதுவே. இரண்டாவது, ஹெல்மெட் என்ற தொகுப்பு. அதன் கட்டளைப் பட்டியலில் நிலையான சரத்துக்குப் பதிலாக ஒரு செயற்கூற்றைக் கொடுத்தால், ஒவ்வொரு மறுமொழிக்கும் அதை அழைத்து மதிப்பைப் பெற்றுக்கொள்ளும். செயற்கூறாக இல்லாமல் நேரடியாக மதிப்பை எழுதினால் சர்வர் தொடங்கியபோது உருவான ஒரே எண் எல்லாருக்கும் போய்க்கொண்டிருக்கும். தளம் குறையில்லாமல் ஓடும், சோதனையிலும் எதுவும் தெரியாது, பாதுகாப்பு மட்டும் இருக்காது. பக்கத்தை இருமுறை ஏற்றி நான்ஸ் மாறுகிறதா என்று பார்ப்பது எளிய சோதனை. மூலநிரல் பார்வையில் பார்க்க வேண்டும். பாணி விதிகள் வழியே திருடுவதைத் தடுக்க, ஏறி முடிந்த பக்கத்தின் பண்பில் நான்ஸ் மதிப்பை உலாவி வெறுமையாகவே காட்டும்.

ரூபி ஆன் ரெயில்ஸ் 5.2ஆம் பதிப்பிலிருந்து சிஎஸ்பிக்குத் தனி அமைப்புக் கோப்பைக் கொண்டிருக்கிறது. ஜாங்கோவில் நெடுங்காலம் மொசில்லாவின் துணைத் தொகுப்பையே நம்ப வேண்டியிருந்தது. 6.0ஆம் பதிப்பில் மிடில்வேரும் நான்ஸும் மையச் சட்டகத்துக்குள்ளேயே வந்துவிட்டன. சட்டகம் எதுவாயினும் வேலையின் வடிவம் ஒன்றே: உருவாக்கு, ஹெட்டரில் இடு, வார்ப்புருவுக்குக் கொடு.

தற்காலிகச் சேமிப்பு இந்த வடிவத்தோடு மோதும். முழு எச்டிஎம்எல் பக்கத்தையும் சிடிஎன் சேமித்து எல்லாருக்கும் கொடுத்தால் நான்ஸும் எல்லாருக்கும் ஒன்றாகிவிடும். அப்படிப்பட்ட நிலையான பக்கங்களுக்கு ஹாஷ் முறை பொருந்தும். பக்கத்துக்குள் உள்ள ஸ்கிரிப்ட்டின் எஸ்எச்ஏ-256 மதிப்பை, பயன்பாட்டைக் கட்டும்போதே கணக்கிட்டு ஹெட்டரில் எழுதிவிடலாம். ஒரே ஓர் இடைவெளி மாறினாலும் ஹாஷ் மாறிவிடும் என்பதால் இதைக் கையால் செய்யக் கூடாது, கட்டும் கருவியிடம் விட வேண்டும்.

ஹெட்டரைத் தொட முடியாத வாடகை சர்வர்களில் எச்டிஎம்எல் மெட்டா குறியிலும் கொள்கையை எழுதலாம். ஃபிரேம்-ஆன்சஸ்டர்ஸும் மீறல் அறிக்கையும் அதில் வேலை செய்யாது.

பழைய தளத்துக்குக் கொண்டுவருதல்

புதிய பயன்பாட்டில் முதல் நாளிலேயே கடுமையான கொள்கை வைப்பது சுலபம். பல ஆண்டுகள் வளர்ந்த பயன்பாட்டில் பொத்தானுக்குப் பொத்தான் "ஆன்கிளிக்" பண்பு இருக்கும். நான்ஸ் வந்தவுடன் அவை அனைத்தும் செயலிழக்கும், ஏனெனில் பண்புகளுக்கு நான்ஸ் தர வழியில்லை. ஒவ்வொன்றையும் எடுத்துத் தனிக் கோப்பில் நிகழ்வுக் கேட்பானாக மாற்றி எழுத வேண்டும். சிஎஸ்பி அமைப்பதில் உண்மையான உழைப்பு இதுதான். ஹெட்டரைப் பற்றிய பேச்சில் இது அநியாயத்துக்குக் குறைவாகவே சொல்லப்படுகிறது.

அந்த மாற்றம் முடியும்வரை "ரிப்போர்ட்-ஒன்லி" என்று முடியும் இணை ஹெட்டர் கைகொடுக்கும். அதன்கீழ் உலாவி எதையும் தடுக்காது. தடுத்திருக்கக்கூடியதை மட்டும் சர்வருக்கு ஜேசான் வடிவில் அறிவிக்கும்: எந்தப் பக்கம், எந்தக் கட்டளை, எந்த முகவரி, எந்த வரி. அறிக்கைகளில் பெரும்பகுதி பயனர்களின் உலாவி நீட்சிகள் பக்கத்துக்குள் நுழைக்கும் ஸ்கிரிப்ட்களால் வருவது. அவற்றை வடிகட்டிய பிறகே தளத்தின் சொந்தக் குறைகள் தெரியும். அறிக்கையைப் பெறும் முகவரி பொதுவெளியில் திறந்திருப்பது. எவரும் எதையும் அனுப்பலாம் என்பதால் அளவுக்கும் வேகத்துக்கும் வரம்பு வைக்க வேண்டும்.

தமிழ்த் தளங்களில் முதலில் வரும் அறிக்கை பெரும்பாலும் எழுத்துருவைப் பற்றியதாக இருக்கும். கூகுள் ஃபான்ட்ஸிலிருந்து நோட்டோ சான்ஸ் தமிழை எடுக்கும்போது பாணித்தாள் ஒரு முகவரியிலிருந்தும், எழுத்துருக் கோப்பு வேறொரு முகவரியிலிருந்தும் வருகிறது. முதலாவது ஸ்டைல்-சோர்ஸின் கீழும் இரண்டாவது ஃபான்ட்-சோர்ஸின் கீழும் தனித்தனியே அனுமதிக்கப்பட வேண்டும். ஒன்றை மறந்தால் பக்கம் சிதையாது, கணினியில் இருக்கும் வேறொரு தமிழ் எழுத்துருவில் தெரியும். பிழை கண்ணில் படாமல் மாதக்கணக்கில் கிடக்கக்கூடிய இடம் இது. எழுத்துருவைத் தளத்திலேயே வைத்துக்கொள்வது எளிதும் நல்லதும்கூட.

பிரிட்டிஷ் ஏர்வேஸ், 2018

ஸ்கிரிப்டைத் தடுப்பது மட்டும் போதாது என்பதை பிரிட்டிஷ் ஏர்வேஸ் நிகழ்வு காட்டியது. 2018 ஆகஸ்ட் 21 முதல் செப்டம்பர் 5 வரை அந்த விமான நிறுவனத்தின் தளத்திலும் செயலியிலும் பணம் செலுத்தியோரின் அட்டை விவரங்கள் திருடப்பட்டன. ரிஸ்க்ஐக்யூ என்ற பாதுகாப்பு நிறுவனம் ஆராய்ந்தபோது, தளம் நெடுநாளாகப் பயன்படுத்திவந்த மாடர்னைசர் என்ற நூலகக் கோப்பின் இறுதியில் 22 வரிகள் சேர்க்கப்பட்டிருந்தது தெரிந்தது. பயனர் சமர்ப்பிப்புப் பொத்தானை அழுத்தி விரலை எடுக்கும் கணத்தில் அவை படிவத்தை வாரி, நிறுவனத்தின் பெயரைப் போலவே ஒலிக்கும் வேறொரு முகவரிக்கு அனுப்பின. பிரிட்டனின் தகவல் ஆணையர் அலுவலகம் 2020 அக்டோபரில் 2 கோடி பவுண்டு அபராதம் விதித்தது.

அந்தக் கோப்பு தளத்தின் சொந்த சர்வரிலிருந்தே வந்தது. ஆகவே ஸ்கிரிப்ட்-சோர்ஸும் நான்ஸும் அதைத் தடுத்திருக்க மாட்டா. தரவு வெளியேறும் வழிதான் தடுக்கக்கூடியதாக இருந்தது. கனெக்ட்-சோர்ஸ் சொந்த முகவரியோடு நின்றிருந்தால் பழக்கமில்லாத முகவரிக்குச் சென்ற கோரிக்கையை உலாவி மறுத்திருக்கும், மீறல் அறிக்கையும் வந்திருக்கும். பணம் செலுத்தும் பக்கங்களில் ஸ்கிரிப்ட்களைப் பட்டியலிட்டு அனுமதிக்க வேண்டும், பக்கமும் ஹெட்டர்களும் மாறுகின்றனவா என்று கண்காணிக்க வேண்டும் என்ற, அட்டைக் கட்டணப் பாதுகாப்புக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரத்தின் புதிய விதிகள் 2025 மார்ச் 31 முதல் கட்டாயமாகியிருக்கின்றன.

எல்லைகள்

வெளியேறும் வழிகள் எல்லாவற்றையும் சிஎஸ்பி மூடுவதில்லை. திருடிய தரவை முகவரியில் வைத்து, பக்கத்தையே வேறு தளத்துக்கு நகர்த்தும் ஸ்கிரிப்ட்டை அது நிறுத்தாது. அதற்காக முன்மொழியப்பட்ட கட்டளை பின்னர் வரைவிலிருந்து நீக்கப்பட்டது. நுழைக்கப்பட்டது ஸ்கிரிப்டாக இல்லாமல் வெறும் எச்டிஎம்எல்லாக இருந்தால், போலிப் படிவம் ஒன்றைக் காட்டி ஏமாற்றவும் இடமுண்டு. ஃபார்ம்-ஆக்ஷன் அதை ஓரளவு கட்டுப்படுத்தும்.

நம்பிக்கை பெற்ற ஸ்கிரிப்டே பயனர் உள்ளீட்டை எடுத்து இன்னர்எச்டிஎம்எல் பண்பில் கொட்டுவது இன்னொரு வகைக் குறை. 2020இல் குரோம் 83 கொண்டுவந்த டிரஸ்டட் டைப்ஸ் இதற்கானது. சிஎஸ்பியின் ஒரு கட்டளையாகவே அது இயக்கப்படுகிறது. இயக்கிவிட்டால், அத்தகைய ஆபத்தான பண்புகளுக்கு வெறும் சரத்தைக் கொடுத்தாலே உலாவி மறுத்துவிடும். பயன்பாடு பதிவு செய்த ஒரு கொள்கைச் செயற்கூற்றின் வழியாகச் சுத்தம் செய்யப்பட்டு வந்த மதிப்பை மட்டுமே அவை ஏற்கும். பெரிய பயன்பாட்டில் தணிக்கை செய்ய வேண்டிய நிரல் இதனால் அந்தச் சில செயற்கூறுகளின் அளவுக்குச் சுருங்குகிறது.